அத்தாவின் காலும் ஜிகினாவின் காலும்

ஜனவரி 3

இல்லை, இன்று யாருடைய வாழ்க்கையையும் நான் மாற்றவில்லை. குதிரை லத்தி அள்ளினேன். கொட்டகையைக் கழுவிவிட்டேன். மத்தியானம் தூங்கினேன்.

இந்த டைரியில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அந்தக் கேள்வியை அச்சடித்து வைத்திருக்கிறார்கள்: ‘இன்று யார் வாழ்க்கையை மாற்றினீர்கள்?’ டைரியைக் கொடுத்தவர் கிருபாகரன் சார். திண்டுக்கல் பக்கத்துக்கு எங்கள் கம்பெனியின் பெரிய தலை. தினமும் எழுதுகிறவன்தான் லீடர் ஆவானாம். எழுதிப் பார்ப்போம், கை என்ன தேய்ந்தா போகும்.

நாங்கள் விற்பது மூட்டுவலிக்கு ஒரு வெள்ளைப் பொடி. பச்சை மூடி போட்ட டப்பா. உள்ளே இருப்பது மீத்தைல் சல்ஃபோனைல் மீத்தேன், கந்தகம் சேர்ந்த ஒரு பொருள். பி.பார்ம் இரண்டாம் வருடம் வரைக்கும் போன நாக்கு என்பதால் எனக்கு அந்தப் பெயர் தடுக்காமல் வரும். கிருபாகரன் சாருக்கே வராது. அதனாலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். “பாதி டாக்டர்யா நீ” என்றார். பாதியில் விட்டவனை முதன்முதலாக ஒருவர் பாதி முடித்தவனாகப் பார்த்தார்.

ஜனவரி 5

முதல் டப்பா என்னைப் பெற்ற அத்தாவுக்கு.

அத்தா குதிரை வண்டி ஓட்டுகிறார். பழனி பஸ் ஸ்டாண்டிலிருந்து அடிவாரம், அடிவாரத்திலிருந்து பஸ் ஸ்டாண்ட். மொட்டை போட்டவர்கள், போடப் போகிறவர்கள், காவடிக்காரர்கள். காதர் பாய் வண்டி என்றால் அடிவாரத்து வண்டி ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு முழங்காலும் போய்விட்டன. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர், “தேய்ஞ்சிருச்சு பாய்” என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். வண்டியில் ஏறும்போது மிதிப்படியில் ஒரு காலை வைத்துவிட்டு, அடுத்த காலுக்காக அத்தா காத்திருப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. அதனாலேயே ஸ்டாண்ட் பக்கம் போவதில்லை.

மீட்டிங்கில் கற்றுக்கொடுத்ததை அப்படியே சொன்னேன். “உடம்புக்குள்ள ஒரு மாதிரி துருப்பிடிக்குதுத்தா. ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ம்பாங்க. மூச்சு விடுறோம்ல, அந்த ஆக்ஸிஜனே கொஞ்சம் எதிரியா மாறி உள்ள அரிக்கும். லாடம் துருப்பிடிக்கிற மாதிரி. இந்தக் கந்தகம் அதக் கொறைக்கும்.”

அத்தா பீடியை வாயிலிருந்து எடுத்தார். “லாடம் எங்கடா துருப்பிடிக்கும்? ஓடுற குதிரைக்கு லாடம் தேயும். துருப்பிடிச்சா அந்தக் குதிரை சும்மா நிக்கிதுன்னு அர்த்தம்.”

“உதாரணத்துக்குச் சொன்னேன்.”

“குதிரைக்காரன்கிட்ட வேற உதாரணம் சொல்லு.”

ஆனாலும் டப்பாவை வாங்கிக்கொண்டார். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்து, “யா அல்லா, என்னா கசப்பு” என்று துப்பினார். அம்மா சிரித்தாள். “ரெண்டு மாசம் ஒரு வேலையில நில்லுடா நசுரு, பொடி வேலை செய்யுதோ இல்லையோ” என்றாள். மொபைல் கடை, லாட்ஜ் ரிசப்ஷன், கூரியர் எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணிக் காட்டுவாள் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரி 8

ஜிகினா நொண்டுகிறாள். முன்னங்கால், வலது. ஜிகினா எங்கள் குதிரை. வெயிலில் முதுகு மினுமினுக்கும், அதனால் அந்தப் பெயர். தைப்பூசம் வருகிறது. பாதயாத்திரைக் கூட்டம் வரும் நேரத்தில் குதிரை நொண்டினால் வீடே நொண்டும். அத்தா அவள் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தடவிக்கொண்டே இருந்தார். தன் காலை ஒருநாளும் அப்படித் தடவி நான் பார்த்ததில்லை.

ஜனவரி 12

வேலை செய்கிறது!

இன்று ஸ்டாண்டுக்குப் போனேன். அத்தா மிதிப்படியில் கால் வைத்தார், ஏறிவிட்டார். ஒரே மூச்சில். கையால் கம்பியைப் பிடிக்கக்கூட இல்லை. ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்து, “என்ன பாக்குற, உன் பொடிதான்” என்றார். பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஒரு வாரத்தில் இப்படியா? இந்தப் பொடியைப் பற்றி நான் படித்த ஆராய்ச்சிகளில் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். உடம்புக்கு உடம்பு மாறும் போல.

அம்மாதான் நொட்டை சொல்கிறாள். “பொடிய வீட்டுல திங்காம கொட்டகைக்கு ஏன் தூக்கிட்டுப் போறாரு?” அத்தா அதற்கு, “குதிரைக்குத் தண்ணி காட்டுற நேரத்துல வெறும் வயித்துல குடிச்சாத்தான் எனக்குப் புடிக்குது” என்றார். வெல்லம் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்றும் ஒரு புகார். கசப்புக்கு வெல்லம் வேண்டாமா?

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். தெய்வானை அக்கா வழக்கம்போல ஜிகினாவுக்குப் பொட்டு வைக்க வந்தார். அடிவாரத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறார், வண்டி ஸ்டாண்டுக்கு நேர் எதிரே.

“அவ மாடு இல்லம்மா” என்றார் அத்தா. வருடா வருடம் சொல்வதுதான்.

“நாலு காலு இருக்குல்ல பாய், போதும்.”

பொட்டு வைக்க அக்காவால் விரலை நீட்ட முடியவில்லை. கட்டை விரலால் அப்பிவிட்டார். முடக்குவாதம். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்கியே இருக்குமாம், வெந்நீரில் ஊறவைத்தால்தான் பிரியுமாம். பெரியாஸ்பத்திரியில் வாரத்துக்கு ஒருநாள் போடும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போட்ட அன்றைக்கு முழுக்கக் குமட்டல், தலைமுடியும் கொட்டுகிறது.

“தம்பி, பாய் சிட்டாட்டம் ஏறி எறங்குறதைத்தான் தெனமும் பாக்குறேனே. எனக்கும் ஒரு டப்பா குடு.”

கொடுத்தேன்.

“அப்ப அந்த வாராந்தர மாத்திரைய விட்ரலாமா?”

“உங்க உடம்பு உங்களுக்குத் தெரியாதாக்கா” என்றேன்.

நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்துங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜனவரி 19

அத்தாவின் டப்பா காலி. ஒரு மாதத்துக்கு உண்டானது. ஒரு கரண்டி என்று சொன்னால் குவித்துப் போட்டுக்கொள்கிறார் போலிருக்கிறது. அடுத்த டப்பா கொடுத்தேன். ரிசல்ட் அதனால்தான் இவ்வளவு வேகமாக வந்திருக்கிறது என்று கிருபாகரன் சாரிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

ஜிகினா நொண்டுவது நின்றுவிட்டது. நொண்டிய மறுநாளே லாடம் மாற்றினார்கள், மூன்று நாள் ஓய்வும் கொடுத்தார்கள்.

கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் காலி மாத்திரை அட்டைகள். டைக்ளோஃபினாக். வலி மாத்திரை. இவ்வளவு அட்டைகளா? குதிரைக்குக் கொடுத்திருப்பார். மனுஷ மாத்திரையைக் குதிரைக்குக் கொடுக்கும் ஆட்கள் இந்த ஊரில்தான் உண்டு. கேட்டால் லாடம் பற்றிப் பேசுவார், கேட்கவில்லை.

ஜனவரி 22

கிருபாகரன் சார் வந்தார். வெள்ளைக் கார், கழுத்தில் டை. வாசலில் கிடந்த லத்தியில் ஷூவை வைத்துவிட்டு, வைக்காத மாதிரியே உள்ளே வந்தார். அத்தா வண்டியில் ஏறுவதை, இறங்குவதை, மறுபடி ஏறுவதை போனில் படம் எடுத்தார்.

“இன்னொரு வாட்டி பாய். சிரிச்சுக்கிட்டே.”

அத்தா சிரித்துக்கொண்டே ஏறினார். நெற்றியில் வேர்வை. தை மாதக் குளிரில் வேர்க்கிறதே என்று அம்மா முணுமுணுத்தாள்.

“பிப்ரவரி ஒண்ணாம் தேதி திண்டுக்கல்ல பெரிய மீட்டிங். மேடைக்குப் படி ஏறி வர்றீங்க, யாரும் பிடிக்க மாட்டாங்க. ‘என் மகன் குடுத்த பொடி’ன்னு ஒரே வரி சொல்றீங்க. அன்னைக்கே நசுருக்கு லீடர் பட்டம்.”

அத்தா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “வர்றேன்” என்றார்.

ஜனவரி 24

லத்தி, டீ, மூன்று டப்பா விற்பனை, தூக்கம்.

ஜனவரி 27

தெய்வானை அக்கா கடையில் இன்று இட்லி இல்லை. தட்டைக் கொப்பரையிலிருந்து தூக்கும்போது கை விட்டுவிட்டதாம், வெந்நீர் காலில் கொட்டியிருக்கிறது. மணிக்கட்டு இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன.

“மாத்திரைய விட்டுட்டுப் பொடி சாப்புடுறதுக்கு முன்னாடி இவ்வளவு இல்ல தம்பி.”

கிருபாகரன் சாருக்கு போன் போட்டேன். “கழிவு வெளிய போகுது நசுர். நல்லாகறதுக்கு முன்னாடி கொஞ்சம் கூடும். அவங்ககிட்ட இன்னும் ரெண்டு வாரம் பொறுக்கச் சொல்லு.”

காலேஜில் எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு பாடம் இல்லை. நான் விட்டுவிட்டு வந்த மீதிப் புத்தகங்களில் இருக்கலாம். அக்காவிடம் அப்படியே சொன்னேன்.

“சரி தம்பி. பாய்க்கும் மொதல்ல இப்படித்தான் இருந்துச்சா?”

தலையாட்டினேன்.

ஜனவரி 29

அத்தாவுக்கு நெஞ்செரிச்சல். ராத்திரிச் சோறு வேண்டாம் என்றார். முகம் கொஞ்சம் ஊதின மாதிரி இருக்கிறது, கணுக்காலும்தான். தூக்கமில்லாததால் இருக்கும்.

அம்மா அவர் கணுக்காலை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

ஜனவரி 30

பள்ளிவாசலில் விடிகாலை பஜ்ரு பாங்கு சொன்ன கொஞ்ச நேரத்தில் விழிப்பு வந்துவிட்டது. மீட்டிங்கில் நான் பேச வேண்டிய வரிகளைச் சொல்லிப் பார்க்கலாம் என்று கொல்லைப்பக்கம் போனேன். கொட்டகையில் விளக்கு எரிந்தது.

அத்தா ஊறவைத்த கொள்ளைத் தொட்டியில் கொட்டினார். தவிடு போட்டார். வெல்லத்தை நசுக்கிப் போட்டார். பிறகு பச்சை மூடியைத் திறந்து பொடியை அள்ளி அள்ளிப் போட்டுக் கையால் பிசைந்தார். “தின்னும்மா, தின்னு. கசக்காது” என்றார். ஜிகினா மூஞ்சியைத் தொட்டிக்குள் விட்டுத் தின்றாள்.

அத்தா தொட்டியோரம் உட்கார்ந்து லுங்கியைத் தூக்கினார். முழங்காலில் கிழிந்த வேட்டித் துணியை இறுக்கிச் சுற்றியிருந்தார். சதை இரண்டு பக்கமும் பிதுங்கியிருந்தது. சட்டைப் பையிலிருந்து மாத்திரை எடுத்துத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினார். திரும்பினால் நான் நிற்கிறேன்.

அத்தா லுங்கியை இறக்கிவிட்டார்.

“எப்பருந்து?” என்றேன்.

“அது எதுக்கு இப்ப.”

“எப்பருந்துத்தா?”

“மொத நாள்லேருந்து. வாயில வைக்க முடியலடா. இவ வேற நொண்டுனா. கீல்வலிக்குன்னுதானே சொன்ன, கீலு யாருக்கு இருந்தா என்ன? இவ நடந்தாத்தான் சோறு.”

“அப்ப நீங்க ஏறுனது? எறங்குனது?”

“மாத்திரை போட்டேன். பல்லக் கடிச்சேன். ஏறுனேன்.”

“காலைக்கு ஒண்ணா?”

“காலைக்கு ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. அந்த ஆளு படம் புடிச்ச அன்னைக்குக் கூட ரெண்டு.”

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன். “கிட்னி போயிரும்த்தா! வயிறு புண்ணாயிரும்! இது மிட்டாயா? யாரக் கேட்டுப் போட்டீங்க?” ஜிகினா மிரண்டு பின்னால் நகர்ந்தாள். அத்தா எழுந்து அவள் கழுத்தைத் தட்டினார். எழுந்துகொள்ளத் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை நான் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

“எதுக்குத்தா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. குதிரையிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார். “நீ காலையில எந்திரிச்சு சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டு வெளிய போறடா. போன வருசம் முழுக்க மத்தியானம் வரைக்கும் போத்திக்கிட்டுப் படுத்திருந்த. உங்கம்மா வந்து மூக்குல கை வச்சுப் பாத்துட்டுப் போவா. உனக்குத் தெரியாது.”

எனக்குத் தெரியாது.

“நான் ஏறுனத நீ அன்னைக்கு ஸ்டாண்டுல வந்து பாத்தியா, உன் மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? அதான் மறுநாளும் ஏறுனேன்.”

ஜனவரி 31

சாயந்தரம் வரை யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுதினால் யோசனை வரிசைக்கு வருகிறது. டைரியால் இந்த ஒரு பிரயோஜனம்.

பொடி பொய்யா? பொய் என்று சொல்ல முடியாது. அந்த ஆராய்ச்சிகளை இன்று மறுபடி படித்தேன், இந்த முறை கடைசிப் பத்தி வரைக்கும். கொஞ்சம் பேரை வைத்து, கொஞ்சம் மாதம் பார்த்திருக்கிறார்கள். மூட்டுத் தேய்மானக்காரர்களுக்கு வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, நடப்பது கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது. எல்லா இடத்திலும் ‘கொஞ்சம்’. இன்னும் பெரிதாகச் செய்து பார்க்க வேண்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். மீட்டிங்கில் அந்த ‘கொஞ்சம்’ என்ற வார்த்தையை எடுத்துவிட்டுத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். முடக்குவாத மாத்திரைக்கு இது மாற்று என்று எங்கேயும், யாரும் எழுதவில்லை. தெய்வானை அக்காவுடைய நோயில் உடம்பே மூட்டைத் தின்கிறது. அந்த மாத்திரைதான் அதன் வாயைக் கட்டி வைத்திருந்தது.

ஜிகினா பொடியால் நடந்தாளா? லாடம் மாற்றினது அதே வாரம். ஓய்வு கொடுத்ததும் அதே வாரம். யாருக்குத் தெரியும். ஜிகினாவுக்கே தெரியாது.

கிருபாகரன் சாருக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தார்.

“குதிரை நல்லாயிருச்சா இல்லையா? அதுவும் ரிசல்ட்தான்யா.”

“அத்தா ஒரு கரண்டி கூடச் சாப்பிடல சார்.”

“அது உனக்கும் எனக்கும்தானே தெரியும். ஹால்ல இருக்குறவனுக்கு அவர் நடக்குறது மட்டும்தான் தெரியும். நாளைக்கு ஒன்பது மணிக்குக் கார் வந்துரும். வாசல்ல நிப்பாட்டி வை.”

“அந்த அக்காவுக்கு ரெண்டு கையும் போச்சு சார்.”

“நீ நிறுத்தச் சொன்னியா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன? உன் மேல ஒண்ணும் வராது.”

நான் பதினாறாம் தேதி இதே டைரியில் எழுதியதும் அதுதான். அவர் வாயிலிருந்து கேட்டதும் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். ‘வேணாம்க்கா, நிறுத்தாதீங்க’ என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சுதான் ஆகியிருக்கும்.

போனை வைத்துவிட்டு அக்கா வீடு வரைக்கும் நடந்தேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண் அக்காவுக்கு டம்ளரை வாயில் பிடித்துக் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 1

அத்தா இன்று மாத்திரை போடவில்லை. நேற்று ராத்திரி நான் எல்லாவற்றையும் சொன்னதும் அம்மா அட்டையெல்லாம் வாங்கிச் சாக்கடையில் போட்டுவிட்டாள். முழங்கால் துணியை அவளே அவிழ்த்தாள்.

விடிந்ததிலிருந்து எனக்கும் அத்தாவுக்கும் ஒரே சண்டை. தெய்வானை அக்காவிடம் யார் சொல்வது என்று.

“அந்தம்மா உன் பேச்சக் கேட்டா வாங்குனா? என் காலப் பாத்து வாங்குனா. நான்தான் சொல்லணும்.”

“வித்தது நான்.”

“ஏமாத்துனது நான்டா.”

“நீங்க ஏமாத்துனது என்னைய. அக்காவ இல்ல.”

“எதுத்தாப்புலதானே கடை? நான் ஏறுறப்பல்லாம் கரண்டிய வச்சுட்டுப் பாக்கும். எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கை புடிக்காம ஏறுனேன்.”

அம்மாதான் அடுப்படியிலிருந்து, “ரெண்டு பேரும் போயி சொல்லுங்க. அவ வெளக்கமாத்த எடுத்தா ஆளுக்குப் பாதி வாங்கிக்கங்க” என்றாள். நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஆஸ்பத்திரியில அத்தாவுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லு. மறந்த, கால ஒடிப்பேன்” என்றாள்.

முடிவாகிவிட்டது. அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்கிறோம். அதன்பிறகும் எங்கள் வண்டியில் ஏற அக்கா சம்மதித்தால், நேராகப் பெரியாஸ்பத்திரி. டியூட்டி டாக்டரிடம் மாத்திரை எப்போது நின்றது, என்ன பொடி, யார் கொடுத்தது எல்லாவற்றையும் நானே சொல்ல வேண்டும். டாக்டர் என்ன படித்தாய் என்று கேட்பார். கேட்கட்டும். அக்கா ஏற மாட்டேன் என்று சொன்னால் ஆட்டோ பிடித்து அனுப்பிவிட்டுப் பின்னாலேயே போக வேண்டும். மூஞ்சியில் துப்பினால் துடைத்துக்கொண்டு போக வேண்டும். கை திரும்ப நீளுமா என்பதை யோசிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். ஆனால் அதை மட்டும்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மற்ற டப்பா வாங்கியவர்கள் வீடுகளுக்குச் சாயந்தரம் போக வேண்டும். எந்த மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும்.

போனில் கிருபாகரன் சார். எடுக்கவில்லை. மறுபடியும் அவர்தான். எடுத்து, “அத்தா வரமாட்டாரு, நானும் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டேன். கார் கிளம்பிவிட்டதாம். எப்படியும் பேசி ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறார். அத்தா அதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்கிறார். கடிவாளம் மாட்டியாயிற்று, கண்பட்டை கட்டியாயிற்று. ஜிகினா காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

இதை எழுதிக்கொண்டே வாசலைப் பார்க்கிறேன். அத்தா மிதிப்படியில் ஒரு காலை வைத்துவிட்டார். அடுத்த கால் வரவில்லை. கம்பியைப் பிடித்துப் பார்க்கிறார். வரவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. எதிர் வீட்டுக்காரர் கூடப் பேப்பரை மடித்துவிட்டார்.

“டேய் நசுரு, என்னடா எழுதிக்கிட்டே இருக்க? வந்து தோளக் குடு.”

கூப்பிடுகிறார். போக வேண்டும்.